எக்கோவா, பிரிண்டா

வாய்ச்சண்டையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அம்மா சொல்வார். பாசாரில் மீன்காரரிடம், பஸ்ஸில் கண்டக்டரிடம், தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் என்று நான் மல்லுக்கு நிற்காத இடம் கிடையாது. அதிகம் நின்றது அம்மாவிடம்தான். குழம்பில் புளி கூடிவிட்டது என்று நான் ஆரம்பித்தால், உனக்கு நாக்கு செத்துப்போச்சு என்று அவர் முடிப்பார். அம்மா காலமான பிறகு மலாக்கா காஜா பெராங் வீட்டில் புளி கூடினாலும் குறைந்தாலும் கேட்க நாதியில்லை. நானே சமைத்து, நானே தின்று, பேசாமல் பாத்திரம் கழுவினேன்.

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் பிறந்தவள் நான். மெர்டேக்கா கொண்டாட்டத்தைப் பார்க்க அப்பா கடலோரத் திடலுக்குப் போனார். திரும்பும்போது ஓர் எனாமல் தட்டு வாங்கி வந்தாராம். வயிறும் பிள்ளையுமாக வீட்டில் இருந்த அம்மா, "கொடி வாங்கிட்டு வருவீங்கன்னு பாத்தா தட்டத் தூக்கிட்டு வர்றீங்களே" என்று கேட்டிருக்கிறார். "கொடியில சோறு போட்டுத் திங்க முடியுமா?" என்பது அப்பாவின் பதில். விளிம்பில் நீலக் கோடும் நடுவில் சிவப்புப் பூவும் உள்ள அந்தத் தட்டுக்கும் எனக்கும் ஒரே வயது. பூ மங்கிவிட்டது, விளிம்பில் இரண்டு இடத்தில் எனாமல் தெறித்துக் கறுத்திருக்கிறது. என் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. இரண்டு மூன்று பேர் பெண் பார்க்க வந்தார்கள். என் வாயைக் கேட்டதும் தேத்தண்ணி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். போகட்டும், எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். அம்மா போன அதே வருஷம் வேலையும் போயிற்று. பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளிகள் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிவு செய்தபோது, வயதானவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை இழந்தவர்களுக்கென்று நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னை ஆன்ட்டி என்றார்கள். ஆன்ட்டிக்குத்தான் இணையப் பக்கம் எழுதும் பி.எச்.பி. மொழி சீக்கிரம் பிடிபட்டது. சொன்னதைச் செய்கிற ஒன்று வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிபடாது?

அந்த மொழியில் ஒரு வரியைத் திரையில் காட்ட இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று எக்கோ, இன்னொன்று பிரிண்ட். எக்கோ போட்டு வணக்கம் என்று எழுதினாலும் வணக்கம் வரும், பிரிண்ட் போட்டாலும் அதே வணக்கம்தான் வரும். பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளுக்குள்தான் கொஞ்சம் வேறுபாடு. எக்கோவுக்கு நாலைந்து வரிகளைக் கமா போட்டு ஒரே தடவையில் கொடுக்கலாம். அது காட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். பிரிண்ட் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டி முடித்ததும் 1 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அந்த 1-ஐ யாரும் கேட்பதில்லை, பெரும்பாலும் அது வீணாகத்தான் போகும். எனக்குக் கை பழகியது எக்கோ.

ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த பாய்தான் என் முதல் வாடிக்கையாளர். அம்மாவுக்குச் சேலை எடுத்த கடை. கடைக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று அவருடைய மகன் நச்சரித்ததால் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என் கட எப்பம்மா கம்ப்யூட்டர்ல தெரியும்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"எழுதிக்கிட்டு இருக்கேன் பாய். எக்கோ போடலாமா பிரிண்ட் போடலாமான்னு பாக்குறேன்."

"ரெண்டுலயும் சேல தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் என்னா சுசா, என்னா கஷ்டம்? ஏதாச்சும் ஒன்னப் போடு லா."

அவர் சொன்னது சரிதான். உலகத்தில் புத்தியுள்ளவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் புத்தியுள்ளவர்களுக்கு வீட்டில் பேச ஆள் இருக்கிறது.

நாட்டில் உள்ள தமிழ்க் கம்ப்யூட்டர்காரர்கள் பேசிக்கொள்ள ஒரு மின்மடல் குழு இருந்தது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவோம். அதில் ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், எக்கோ போடுவதா பிரிண்ட் போடுவதா என்று கேட்டிருந்தாள். எது போட்டாலும் ஒன்றுதான் என்று நாலைந்து பேர் பதில் எழுதினார்கள். கடைசியாகத் தைப்பிங்கிலிருந்து ஒருவர், "எக்கோதான். வேகமா ஓடும். பிரிண்ட் போடுறது வேல இல்லாதவங்க செய்யிறது" என்று எழுதினார்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் பருப்பு வடை சுட்டு, நியோன்யா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கள் எனாமல் தட்டில் கொடுத்திருந்தேன். அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டிக் கம்போங் குடும்பத்துப் பெண்மணி. எங்களைப் போலவே சாமி கும்பிடுகிறவர், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். சாயங்காலம் அவர் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதில் இரண்டு கரண்டி சீனி போட்டிருந்தார். "கோசோங் தா பாய்க்" என்றார். வெறுந்தட்டாகக் கொடுப்பது நல்லதில்லை. அம்மாவுக்கும் அதுதான் வழக்கம். வேறு ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அடுத்தவர் தட்டைத் திருப்புவார். தட்டு கையில் இருக்கும்போதுதான் அந்தத் தைப்பிங்காரரின் வரியைப் படித்தேன். வேலை இல்லாதவங்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரிண்ட்தான். வாங்கிக்கிட்டு ஒரு வார்த்த சொல்லாமப் போறது என்னா பழக்கம்? எங்க வீட்டுல தட்ட வெறுமனே திருப்ப மாட்டோம்" என்று எழுதி அனுப்பினேன். நான் எழுதிய கோப்புகள் முழுக்க எக்கோதான் இருந்தது என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் விடவில்லை. "கொடுத்தா கொடுத்துட்டுப் போயிரணும். திரும்ப என்னா வரும்னு வாசல்ல நிக்கிறவங்கதான் பிரிண்ட் போடுவாங்க."

இப்படித்தான் தொடங்கியது. அவரை அண்ணே என்று கூப்பிடுவதா சார் என்பதா என்று தெரியாமல், எதுவும் போடாமல் நேரே சண்டைக்குப் போனேன். அவரும் என்னை எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வாரம் போய் மாதம் வந்தது. குழுவில் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தலைப்பின் கீழ் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

லட்சம் தடவை ஓடவிட்டுப் பார்த்தாராம், எக்கோ கண் இமைக்கும் நேரம் முந்தியதாம். "அந்த நேரத்த மிச்சம் புடிச்சு என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருப்பேன்" என்று எழுதினார்.

சண்டைக்கு நடுவே மற்றதும் வரும். "இடி இடிக்குது. மோடம் லைனப் புடுங்கப் போறேன். ஆனா எக்கோதான்." "நேத்து பூன கீபோர்டு மேல படுத்துருச்சு, அதான் பதில் லேட்டு." "புங்குஸ் பிரிச்சு வச்சிட்டேன், சோறு ஆறுது. மிச்சம் நாளைக்கு." அவர் எங்கே வேலை பார்க்கிறார், என்ன வயது, குடும்பம் உண்டா என்று நான் கேட்கவில்லை. பூனை இருக்கிறது, பொட்டலச் சோறு தின்கிறார். ஆக்கிப்போட வீட்டில் ஆள் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். நானும் எழுதுவேன். "கிளேபாங்ல மீன் நல்லா கெடச்சுச்சு, பொரிச்சுட்டு வந்து உங்கள வச்சுக்கிறேன்."

ஆறு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் என்னால் இருக்க முடியாது என்றாகிவிட்டது. குளிக்கும்போது வாதம் யோசித்தேன். பாசாரில் யோசித்தேன். மீன்காரரிடம் விலை பேசாமல் வாங்கி வந்த நாளும் உண்டு. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். எக்கோ ஜெயித்தாலும் பிரிண்ட் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். சண்டை மட்டும் முடிந்துவிடக் கூடாது.

என் தங்கை ஜொகூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"ஒடம்பு?"

"இருக்கு."

"சரிக்கா, வச்சிரட்டா?"

அப்படி அவள் வைத்துவிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மடல் வந்தது. "பிரிண்ட் கொடுக்குற ஒன்னு ஒரு பதிலா? நீங்க சோறு போட்டாலும் ஒன்னு, கல்லப் போட்டாலும் ஒன்னு. எதப் போட்டாலும் அதேதான் வரும். அதப் போயி பதில்னு நம்பிக்கிட்டு இருக்கீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தங்கையைச் சொல்லவில்லை, அவருக்குத் தங்கை இருப்பதே தெரியாது. ஆனாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பதெல்லாம் அந்த 1-தான் என்று பட்டது. பாயின் எப்பம்மா தெரியும், நியோன்யாவின் சீனி, தங்கையின் சாப்டியா. எல்லோரும் நல்லவர்கள். நான் உள்ளே எப்படி இருந்தாலும் அவர்களிடமிருந்து வருவது மாறாது. மறுநாள்தான் பதில் எழுத முடிந்தது. "ஒன்னுமே வராம இருக்குறதுக்கு அது தேவல" என்று எழுதினேன்.

தீபாவளிக்கு முன்னால், தைப்பிங் கோயில் ஒன்றின் மண்டபத்துக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தில் சிக்கல் வந்தது. எல்லா நிகழ்ச்சியும் ஏதோ ஒரு மணி பத்து நிமிடத்தில்தான் தொடங்குவதாகக் காட்டியது. காலை ஆறு பத்து, மாலை ஏழு பத்து. தலையைப் பிய்த்துக்கொண்டு, தன் கோப்பை முழுக்கக் குழுவில் போட்டு யாராவது பாருங்கள் என்று கேட்டிருந்தார். நிமிடத்தைக் காட்டச் சொல்லுமிடத்தில் மாதத்தைக் காட்டச் சொல்லியிருந்தார். அது அக்டோபர், அதனால் எங்கும் பத்து. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான், உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

அதைவிட முன்னால் என் கண்ணில் பட்டது வேறு. மேலிருந்து கீழ்வரை, ஒரு வரி விடாமல், பிரிண்ட். மருந்துக்குக்கூட ஓர் எக்கோ இல்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து மறுபடி பார்த்தேன், பிரிண்ட்தான். இத்தனை மாதமாக அவர் தான் போடாத கட்டளைக்காகவும், நான் என் கை பழகாத கட்டளைக்காகவும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். இதை எடுத்துச் சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன். ஜெயித்தால் சண்டை முடிந்துவிடும். கையில் கிடைத்த பேச்சை வாழ்க்கையில் முதல் முறையாக விழுங்கினேன். மாதத்தை எடுத்துவிட்டு நிமிடத்தைப் போடச் சொல்லி மட்டும் எழுதினேன். "சரியாயிருச்சு. நன்றி. ஆனாலும் எக்கோதான்" என்று பதில் வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நாலு நாள் கழித்துக் குழுவின் நெறியாளர் தலையிட்டார். கோலாலம்பூரில் பெரிய வேலையில் இருக்கும் சின்ன வயதுத் தம்பி. "எக்கோ, பிரிண்ட் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இந்த விவாதம் இத்துடன் முடிகிறது" என்று எழுதித் தலைப்பை மூடிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு அவரைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் போலிருந்தது.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. தனி மடல் எழுதலாம்தான், முகவரி இருக்கிறது. ஆனால் என்ன என்று எழுதுவது? சண்டை இல்லாமல் ஓர் ஆம்பளைக்கு மடல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. அன்புள்ள என்று தட்டி அழித்தேன். சார் என்று தட்டி அழித்தேன். கடைசியில் எந்த முறையும் வைக்காமல் உள்ளதை எழுதினேன். எக்கோவும் பிரிண்டும் எனக்குப் பெரிய விஷயம் இல்லை, அம்மா போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை, உங்கள் மடல் வந்தால் வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது என்று எழுதினேன். உங்கள் கோப்பில் பிரிண்ட் இருந்ததைப் பார்த்தேன், என் கோப்பில் இருப்பதெல்லாம் எக்கோ என்றும் எழுதினேன். தீபாவளிக்கு எல்லோரையும் போல வீட்டைத் திறந்துவைத்து விருந்து போடுகிறேன், மலாக்கா பக்கம் வந்தால் வாருங்கள் என்று முடித்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் பதில் வந்தது.

"அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் மடல் கிடைத்தது. மகிழ்ச்சி. நான் நலம். வேலை காரணமாக வர இயலாது. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்."

அவர் என்னை முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சகோதரி என்ற சொல்லில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். குடும்பத்தாருக்கும் வாழ்த்தாம். யாரும் இல்லை என்றுதானே நான் எழுதியிருந்தேன். சோறு போட்டாலும் ஒன்று, கல்லைப் போட்டாலும் ஒன்று என்று அவரே சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது நான் போட்டது சோறு. வெட்கத்தில் அன்று முழுக்கக் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

தீபாவளிக்குப் பாய் தன் மனைவி, பேரப்பிள்ளைகளோடு வந்தார். கடைப் பக்கம் கம்ப்யூட்டரில் தெரிய ஆரம்பித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. நியோன்யா கூவே பலகாரம் கொண்டுவந்தார். தங்கை போனில் வாழ்த்தினாள். மூன்று மணிக்கெல்லாம் வீடு காலி. முறுக்கும் கோழிக் குழம்பும் அப்படியே கிடந்தன. எனாமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

அப்போதுதான் கோபம் கொஞ்சம் தணிந்து யோசிக்க முடிந்தது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். நான் போய் வேலியைப் பிடுங்கிவிட்டேன். வேலி இருந்தால்தான் சிலருக்குப் பேச்சு வரும். எனக்கு மட்டும் அது இல்லாமல் வந்துவிடுமா என்ன, அந்த மடலை எழுத ஒரு வாரம் ஆகவில்லையா?

கம்ப்யூட்டரைத் திறந்தேன். பி.எச்.பி.யில் ஒரு பட்டியலில் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல கவுன்ட் என்று ஒரு கட்டளை உண்டு, சைஸாஃப் என்று இன்னொன்று உண்டு. எக்கோவுக்கும் பிரிண்டுக்குமாவது கொஞ்சம் வேறுபாடு இருந்தது. இவை இரண்டும் ஒரே கட்டளைக்கு வைத்த இரண்டு பெயர்கள். இதில் சண்டை போட எள்ளளவும் இடம் கிடையாது. அது தெரியாத ஆள் குழுவில் யாரும் இருக்க முடியாது, அவருக்கும் தெரியும்.

குழுவில் புதுத் தலைப்பு போட்டு எழுதினேன். "கவுன்ட் போடுறதா, சைஸாஃப் போடுறதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

குழம்பைச் சூடு பண்ணிவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. அதில் சகோதரி இல்லை, வாழ்த்து இல்லை.

"கவுன்ட்தான். இதுல என்னா சந்தேகம்? சைஸாஃப் போடுறவங்களுக்கு எண்ணத் தெரியாது. இங்க இடி இடிக்குது, நான் லைனப் புடுங்குறதுக்குள்ள பதில் சொல்லுங்க."

என் கோப்புகளில் இருந்ததெல்லாம் கவுன்ட். சைஸாஃப்தான் என்று எழுதி உடனே அனுப்பினேன்.